கலர் என்றால் நிறம் மட்டும்தானா?

ஆங்கிலத்தில் 'கலர்' வந்தாலே கண்ணை மூடிக்கொண்டு 'நிறம்' என்று போடும் மொழிபெயர்ப்புகளைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், தலைப்பு 18, பிரிவு 242இல் 'அண்டர் கலர் ஆஃப் எனி லா' என்று வரும். 'சட்டத்தின் நிறத்தின் கீழ்' என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்? அதிகாரி தன் பதவியைப் போர்வையாக்கி மக்களின் உரிமையைப் பறிப்பதைப் பற்றிய பிரிவு அது. 'சட்டத்தின் போர்வையில்' என்றால் முடிந்தது. லண்டனில் ஜூன் மாதம் நடக்கும் 'ட்ரூப்பிங் த கலர்' அணிவகுப்பிலோ கலர் என்பது படைப்பிரிவின் கொடி. இயற்பியலில், அணுக்கருவுக்குள் இருக்கும் குவார்க்குகள் என்ற நுண்துகள்களின் கலருக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லை; மின்னூட்டம் போல அதுவும் ஒரு பண்பு. 'ஆஃப் கலர்' இன்னும் மோசம்: பிரிட்டனில் உடம்பு சரியில்லை, அமெரிக்காவில் ஆபாச வாடை. தயவுசெய்து அகராதியின் முதல் பொருளோடு நிற்காமல் கீழேயும் படியுங்கள்.