மரியாதைக்குத்தான் ஆமாம் என்றேன்

கோமதி: சார், கொட்டேஷன் மாதிரியில் யார் கை வைத்தது?

நடராஜன்: நான்தான் அம்மிணி. திருப்பூர் பார்ட்டி ஒரே அடம். மேசைமேல் சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

கோமதி: எதை எடுத்துக் கொடுத்தீங்க?

நடராஜன்: மாதிரியைத்தான். பம்புக்குள்ளே சுற்றுமே, அந்த கன்மெட்டல் இம்பெல்லர்.

கோமதி: அது வேறு கணக்கு, முதலாளியிடம் சொல்லிக்கொள்ளுங்க. நான் கேட்டது கம்ப்யூட்டரில் இருக்கிற மாதிரி. பேர், ரேட் எல்லாம் காலியாக விட்டு ஷேர் ஃபோல்டரில் வைத்திருக்கிறேனே, அந்த லெட்டர்.

நடராஜன்: ஓ, அதுவா? அதில் நான் கையே வைக்கவில்லை. திறந்தேன், ஈரோட்டுப் பார்ட்டி பேர் போட்டேன், ரேட் போட்டேன், பிரிண்ட் எடுத்தேன், மூடினேன்.

கோமதி: மூடும்போது?

நடராஜன்: சேவ் செய்யட்டுமா என்று கேட்டது. மரியாதைக்கு ஆமாம் என்றேன்.

கோமதி: அதன் மேலேயே சண்முகம் கரூர் விலாசத்தை மட்டும் மாற்றி நேற்று அனுப்பிவிட்டார். மேலே கரூர். கீழே 'ஈரோடு பார்ட்டிக்கு மட்டும் 15 சதவீதம் சிறப்புத் தள்ளுபடி'. காலையிலேயே கரூர்க்காரர் ஃபோன். ஈரோட்டுக்காரர் உங்களுக்கு மாமனாரா, மச்சானா என்று கேட்கிறார்.

நடராஜன்: மச்சான் முறைதான். அது அவருக்கு எப்படித் தெரிந்தது?

கோமதி: போன மாதம்தானே சார் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னேன்? இதற்காகத்தான் அந்த லெட்டரை டிஓடிஎக்ஸ் ஃபைலாக மாற்றி வைத்தேன். ஃபோல்டரில் அதன்மேல் இரண்டு தட்டு தட்டினால் போதும். அசலைத் தொடாமல் 'டாக்குமென்ட் 1' என்று வேர்டு ஒரு புதுத் தாள் கொடுக்கும். சேவ் செய்யப் போனால் பேர் கேட்கும். அசல் அப்படியே இருக்கும்.

நடராஜன்: நான் தட்டவில்லையே. வேர்டைத் திறந்து, ஃபைல் போய், ஓப்பன் கொடுத்து, முறைப்படிதான் வந்தேன்.

கோமதி: அந்த வழியில் வந்தால் அசலேதான் திறக்கும். வாசலில் கோலம் போட்டு வாங்க என்றால், சமையலறை ஜன்னல் வழியாகக் குதித்து சாம்பார்ச் சட்டியில் காலை வைத்த மாதிரி.

நடராஜன்: இந்த மாதிரி எந்த ஃபோல்டரில் இருக்கிறது?

(பக்கத்து மேசையில் இருந்த நான் சிரிக்கவில்லை. போன வாரம் நானும் அதே ஜன்னல் வழியாகத்தான் வந்தேன்.)

நடராஜன்: இந்த வம்பே வேண்டாம் என்றுதான் அம்மிணி, எனக்கென்று ஒரு காப்பி டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறேன். நாமக்கல் பார்ட்டிக்கு அதில்தான் அனுப்பினேன். பொதுவில் கையே வைக்கவில்லை.

கோமதி: அது எப்போது எடுத்த காப்பி?

நடராஜன்: கொரோனா சமயம். நீங்க லீவு போட்டால் திண்டாடக் கூடாதே என்று.

கோமதி: ஜிஎஸ்டி எவ்வளவு போட்டிருக்கிறது?

நடராஜன்: 12.

கோமதி: தண்ணீர் பம்புக்கு 2022 ஜூலை 18-லிருந்து 18 சதவீதம். அன்றைக்கே மாதிரியில் மாற்றிவிட்டேன். உங்க டெஸ்க்டாப்புக்கு மட்டும் இன்னும் தகவல் போகவில்லை.

நடராஜன்: அதுதானா! நாமக்கல்காரர் பேரமே பேசாமல் உடனே ஆர்டர் கொடுத்தார். என் பேச்சுத் திறமை என்று வீட்டில்கூடச் சொல்லிவிட்டேன்.

கோமதி: தேதி வேறு. தானாக மாறுகிற மாதிரி வைத்திருக்கீங்க. போன ஏப்ரலில் கொடுத்த கொட்டேஷனை எப்போது திறந்தாலும் இன்றைய தேதி காட்டுகிறது. அதன் கீழே 'இந்த விலை 30 நாட்களுக்கு மட்டும்'. அந்த 30 நாள் இந்த ஜென்மத்தில் முடியாது.

நடராஜன்: தேதி போடப் போனபோது ஒரு சின்னக் கட்டம் கேட்டது, தானாக மாற்றிக்கொள்ளட்டுமா என்று...

கோமதி: மரியாதைக்கு ஆமாம் என்றீங்க.

நடராஜன்: ஆமாம்.

கோமதி: ஃபோல்டரைப் பாருங்க. கொட்டேஷன் நியூ, கொட்டேஷன் நியூ 2, கொட்டேஷன் ஃபைனல், கொட்டேஷன் ஃபைனல் கரெக்ட், கொட்டேஷன் கோமதி பார்த்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

நடராஜன்: உங்க பேரைப் போட்டால்தான் எல்லோரும் நம்பி எடுக்கிறார்கள். பேசாமல் எல்லாவற்றையும் நீங்களே அடித்துக் கொடுத்துவிடலாமே?

கோமதி: சார், என் வேலை பில்லிங். இந்த மாதிரியைப் பார்த்துக்கொள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒருநாள் லோகோ கோணலாக இருக்கிறதே என்று நேராக்கினேன். 14 வருஷமாக என் தலையில் இருக்கிறது. நன்றாக இருந்தால் அது கம்பெனி லெட்டர். கெட்டுப்போனால் கோமதி லெட்டர். இன்கிரிமென்ட் சமயத்தில் அது யார் லெட்டர் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

நடராஜன்: ... டீ சொல்லட்டுமா?

கோமதி: சொல்லுங்க. மரியாதைக்குக் குடிக்கிறேன். அதற்குள் இதைச் சரிசெய்துவிடலாம், நல்ல காப்பி என் பென் டிரைவில் இருக்கிறது. ஐயோ, மாற்ற விடமாட்டேன் என்கிறதே. வேறு யாரோ திறந்து வைத்திருக்கிறார்களாம். அட்மின் என்று காட்டுகிறது.

நடராஜன்: யார் அந்த அட்மின்? கூப்பிடுங்க, நான் கேட்கிறேன் நாலு வார்த்தை.

கோமதி: சர்வீஸ்காரர் இங்கே இருக்கிற 11 கம்ப்யூட்டருக்கும் அட்மின் என்றே பேர் வைத்துவிட்டுப் போனார். நானும் அட்மின், நீங்களும் அட்மின், வாட்ச்மேன் ரூமில் இருப்பதும் அட்மின். உங்க ஸ்கிரீனில் என்ன திறந்திருக்கிறது?

நடராஜன்: அது... காலையில் தாராபுரம் பார்ட்டிக்கு ஆரம்பித்தேன். பேர் மட்டும்தான் போட்டேன். இதோ, மூடிவிட்டு வந்துவிடுகிறேன்.

கோமதி: சார், மூடும்போது கேட்கும்!

நடராஜன்: (தன் சீட்டிலிருந்து) கேட்டால் என்ன சொல்ல?

கோமதி: வேண்டாம் என்று சொல்லுங்க!

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

நடராஜன்: அம்மிணி...

கோமதி: இங்கேயே தெரிகிறது சார். மேலே தாராபுரம் வந்துவிட்டது. தள்ளுபடி மட்டும் இன்னும் உங்க மச்சானுக்குத்தான்.