பாலைவனத்துக்காரர்களுக்கு லாட்டரி அடித்த கதையா அது?

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில், பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பேச்சு வளைகுடா பக்கம் திரும்பியது. பஹ்ரைனில் 11 வருஷம் இருந்துவிட்டு வந்தவன் என்பதால் என்னிடம்தான் கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் பெரியப்பா முறை வருகிற ஒருவர் முடித்துவைத்துவிட்டார். "அவங்களுக்கு என்னப்பா, ஒட்டகம் மேய்ச்சிட்டு இருந்தாங்க. வெள்ளைக்காரன் வந்து தோண்டிக் குடுத்தான். லாட்டரி அடிச்சிருச்சு."

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பெரியவரை எதிர்த்துப் பேச அது இடமில்லை என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. விமானம் ஏறின நாளில் நானும் இதே எண்ணத்தோடுதான் போனேன். அது தப்பு என்று புரிய எனக்குச் சில வருஷங்கள் ஆயின. அங்கே சம்பாதித்துச் சாப்பிட்டவன் என்ற முறையில் அதைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றுகிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஹ்ரைனின் நடுவில் ஜபல் துக்கான் என்று ஒரு மலை இருக்கிறது. புகை மலை என்று பொருள். உயரம் 130 மீட்டருக்குச் சற்று மேல்தான், நம் ஊர்க் கண்ணுக்கு அது ஒரு கரடு. அதன் அடிவாரத்தில்தான் 1932-ல் எண்ணெய் வந்த முதல் கிணறு இருக்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறையில் பலமுறை அங்கே போயிருக்கிறேன். அந்தக் கிணற்றின் முன்னால் நின்றால், கதை அங்கிருந்துதான் தொடங்கியது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது மிகவும் பின்னால் வந்த கட்டம்.

குவைத்தின் வடக்கே சபிய்யா என்ற இடத்தில் அகழாய்வு செய்தபோது, ஏறத்தாழ 7,000 வருஷத்துக்கு முந்தைய படகொன்றின் மிச்சம் கிடைத்தது. நாணல் கட்டுகளால் கட்டிய படகு. மரமும் நாணலும் மக்கிப் போய்விட்டன. தண்ணீர் புகாமல் இருக்க மேலே பூசிய நிலக்கீல், அதாவது பூமியிலிருந்து கசிகிற தார், மட்டும் கட்டி கட்டியாக மிஞ்சியிருந்தது. அதன் ஒரு பக்கத்தில் நாணலின் அச்சு, மறுபக்கத்தில் கடலில் கிடந்த படகில் ஒட்டி வளரும் கொட்டலசுகள். அந்த நிலக்கீல் எங்கிருந்து வந்தது என்று வேதியியல் முறையில் சோதித்தபோது, குவைத்திலேயே புர்கான் பக்கத்துக் கசிவைக் காட்டியது. புர்கான் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

தங்கமும் அப்படித்தான். மதீனாவுக்குத் தென்கிழக்கே ஒரு சுரங்கம் இருக்கிறது, அதன் பெயரே மஹ்த் அத்-தஹப், தங்கத்தின் தொட்டில். 10-ஆம் நூற்றாண்டிலேயே யமனைச் சேர்ந்த அல்-ஹம்தானி, அரேபியாவின் தங்க, வெள்ளிச் சுரங்கங்களைப் பற்றியும் உலோகத்தைப் பிரித்தெடுக்கும் முறைகளைப் பற்றியும் விரிவாக எழுதிவைத்துவிட்டுப் போனார். பிற்காலத்தில் மேற்கத்தியப் பொறியாளர்கள் மஹ்த் அத்-தஹபுக்கு வந்தபோது அவர்களுக்கு வழிகாட்டியதே பழங்காலத்துச் சுரங்கக் குழிகளும், குவிந்து கிடந்த கழிவு மண்ணும்தான்.

சரி, வெள்ளைக்காரர்கள் தேடி வந்த கதைக்கு வருவோம். ரிச்சர்ட் பர்ட்டன் 1853-ல் மாறுவேடத்தில் மக்காவுக்குப் போனவர். கெய்ரோவில் அவருக்குப் பழக்கமான ஹாஜி வலீ என்ற வணிகர், மித்யான் பகுதியில், அதாவது இன்றைய சவூதியின் வடமேற்குக் கரையில், மணலில் தங்கம் பார்த்ததாகச் சொன்னார். சுமார் 24 வருஷம் கழித்து, 1877-ல், பர்ட்டன் எகிப்தின் ஆட்சியாளர் கெதீவ் இஸ்மாயிலிடம் இதைக் கொண்டுபோனார். இஸ்மாயில் அப்போது கடனில் மூழ்கியிருந்தார். சூயஸ் கால்வாயில் எகிப்துக்கு இருந்த பங்குகளை இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் பிரிட்டனுக்குச் சுமார் 40 லட்சம் பவுண்டுக்கு விற்றிருந்தார். மித்யான் தங்கம் தன்னைக் கரையேற்றும் என்று நம்பிப் பணம் கொடுத்தார். கிட்டத்தட்ட 80 வயதான ஹாஜி வலீயைத் தேடிப்பிடித்துக் கூட்டிப்போனார்கள். இரண்டாவது பயணத்தில் 25 டன் பாறை மாதிரிகள் வந்து சேர்ந்தன. தேறும் அளவுக்குத் தங்கம் எதுவும் அதில் இல்லை. 1879-ல் இஸ்மாயில் பதவியையே இழந்தார். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். துப்பு ஹாஜி வலீயுடையது, பணம் எகிப்துடையது. வரலாற்றில் நிற்கிற பெயர் பர்ட்டனுடையது.

அப்புறம் வருகிற பகுதிதான் இந்தப் பதிவை எழுதத் தூண்டியது. நாம் எல்லோரும் "தேடினார்கள், கண்டுபிடித்தார்கள்" என்றே படித்திருக்கிறோம். ஆவணங்களைப் பார்த்தால், தேடியதைவிட அடுத்தவன் தேடாமல் பார்த்துக்கொண்டதுதான் அதிகம்.

வளைகுடாவில் இருக்கிற அபு மூஸா தீவை எடுத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட்டுக்குப் பயன்படும் சிவப்புக் காவிமண் அங்கே நிறைய. அதை வெட்டும் உரிமையை 1898-ல் ஷார்ஜா ஷேக் சில அரபு வணிகர்களுக்குக் கொடுத்தார். அவர்களிடமிருந்து 1906-ல் வோங்க்ஹவுஸ் என்ற ஜெர்மன் நிறுவனம் வாங்கியது. வளைகுடாவில் ஜெர்மானியர் காலூன்றுவதா என்று பிரிட்டனுக்குப் பொறுக்கவில்லை. ஷேக்கை நெருக்கி உரிமையை ரத்து செய்ய வைத்தார்கள். 1907-ல் லாப்விங் என்ற போர்க்கப்பலை அனுப்பி அங்கே வேலை செய்தவர்களை வெளியேற்றினார்கள். காவிமண்ணுக்கே போர்க்கப்பல் என்றால் எண்ணெய்க்கு என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

எண்ணெய்க்குக் கப்பல் தேவைப்படவில்லை, ஒரு கடிதமே போதுமாக இருந்தது. 1913 அக்டோபரில் குவைத்தின் ஷேக் முபாரக்கிடமிருந்து பிரிட்டிஷ் ரெசிடென்ட், அதாவது வளைகுடாவில் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதி, பெர்சி காக்ஸ் ஓர் உறுதிமொழி வாங்கினார். தன் நிலத்தில் எண்ணெய் இருந்தால், பிரிட்டிஷ் அரசு நியமிக்கிற ஆளைத் தவிர வேறு யாருக்கும் உரிமை தரமாட்டேன் என்று முபாரக் எழுதிக்கொடுத்தார். அடுத்த வருஷம் பஹ்ரைன் ஷேக்கிடமும் அதே மாதிரி வாங்கிக்கொண்டார்கள். முபாரக்கோடு நடந்த அந்தக் கடிதப் போக்குவரத்திலேயே, நிலக்கீல் கசியும் இடத்தை வரப்போகிற கடற்படை அதிகாரி ஸ்லேடுக்குக் காட்ட வேண்டும் என்ற பேச்சு வருகிறது. எந்த இடம் தெரியுமா? புர்கான்.

புர்கானில் எண்ணெய் எடுத்தது 1938-ல். கடிதத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே 25 வருஷம். உலகிலேயே மிகப் பெரிய எண்ணெய் வயல்களில் ஒன்று அது, இடம் காகிதத்தில் பெயரோடு இருந்தது, காட்டுவதற்கு ஷேக்கும் சம்மதித்திருந்தார். நடுவில் ஒரு உலகப்போர் வந்தது உண்மைதான். ஆனால் பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனியான ஆங்கிலோ-பெர்ஷியனுக்கு எதிர்க்கரையில் பாரசீகத்திலேயே 1908 முதல் எண்ணெய் இருந்தது, இந்தப் பக்கம் செலவு செய்ய அவசரம் ஏதும் இல்லை. பூட்டு போட்டாயிற்று, சாவி தன் இடுப்பில், திறக்க மட்டும் நேரமில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அந்த 25 வருஷத்தில் அங்கே மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்? முத்துக்குளித்து. ஜப்பானின் வளர்ப்பு முத்தும் 1929-க்குப் பிறகு வந்த உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து அந்தத் தொழிலை விழுங்கியபோது, பஹ்ரைனிலும் குவைத்திலும் கடனில் பிறந்து கடனில் செத்த குளியாளிகள் எத்தனை பேர்!

நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். இந்த வேலைகளை நடத்திய வளைகுடா ரெசிடென்சி, அதாவது அந்த ரெசிடென்ட்டின் அலுவலகம், அப்போது பிரிட்டிஷ் இந்திய அரசாங்கத்தின் கீழ் இருந்தது. வளைகுடாவின் நிலவியலை 1904-05-ல் விரிவாக ஆராய்ந்த பில்கிரிம், கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஆள். ஒப்பந்தத் தொகைகூட நம் ரூபாயில்தான். பஹ்ரைனில் ஒரு டன் எண்ணெய்க்கு ஷேக்குக்கு ராயல்டி மூன்றரை ரூபாய். 1934-ல் குவைத் ஒப்பந்தம் கையெழுத்தானபோது கொடுத்த தொகை 4,75,000 ரூபாய். அந்தப் பூட்டுக்கான சாவிக்கொத்து இந்தியாவிலிருந்து ஆட்டுவிக்கப்பட்டது என்று தெரிந்த பிறகு, "அவங்களுக்கு லாட்டரி" என்று நாம் எட்ட நின்று பேசுவது சரியாக இருக்குமா என்று யோசிக்கிறேன்.

பூட்டை உடைத்தவர் ஃபிராங்க் ஹோம்ஸ். நியூசிலாந்துக்காரர், சுரங்கப் பொறியாளர். பெரிய கம்பெனிகள் அசட்டை செய்த நிலத்தில் எண்ணெய் இருக்கிறது என்று பிடிவாதமாக நம்பினார். எண்ணெய்க்கு முன்னால் அவர் பஹ்ரைனில் தோண்டியது தண்ணீர்க் கிணறுகள். ஷேக்குகளுக்கு அன்று வேண்டியிருந்தது குடிநீர். தண்ணீர் வந்தது, நம்பிக்கை பிறந்தது, 1925 டிசம்பரில் உரிமை கைக்கு வந்தது. வாங்கிய உரிமையை நடத்தப் பணம் வேண்டும், பிரிட்டனில் யாரும் தரவில்லை. கடைசியில் அமெரிக்கக் கம்பெனியான சோகால் (ஸ்டாண்டர்ட் ஆயில் ஆஃப் கலிஃபோர்னியா) எடுத்துக்கொண்டது. பிரிட்டிஷ் கம்பெனிதான் நடத்த வேண்டும் என்ற நிபந்தனையைச் சமாளிக்க அதன் துணை நிறுவனத்தைக் கனடாவில் பதிவு செய்யவேண்டி வந்தது. அரபுகள் ஹோம்ஸை அபு அல்-நஃப்த், எண்ணெயின் தந்தை, என்று அழைத்தார்கள். அந்த மரியாதைக்கு அவர் தகுதியானவர் என்றே நினைக்கிறேன். வெளியிலிருந்து வந்தவர்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆயிரம் மீட்டருக்கு மேல் துளையிடும் இயந்திரமும் அறிவும் அவர்களிடம்தான் இருந்தன.

சவூதியிலும் தண்ணீரில்தான் தொடங்கியது. 1931-ல் கார்ல் ட்விட்செல் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஜித்தாவில் வந்து இறங்கியது முதலில் தண்ணீர் தேடித்தான். மன்னர் இப்னு சவூத் அப்போது கடும் பண நெருக்கடியில் இருந்தார். ஹஜ் பயணிகளின் வருகையே நாட்டின் முக்கிய வருமானம், உலக மந்தத்தில் அது பாதிக்கும் கீழே விழுந்திருந்தது. ஆனாலும் 1933-ல் அவருடைய நிதியமைச்சர் அப்துல்லா சுலைமான் நடத்திய பேரத்தைப் படித்தால் ஏமாளிகள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தங்கமாகத்தான் வேண்டும் என்று நின்றார். போட்டிக்கு நின்ற ஈராக் பெட்ரோலியம் கம்பெனி அதைவிட மிகக் குறைவாகவே தர முன்வந்தது. மே 29-ல் சோகாலோடு கையெழுத்தானது. அமெரிக்கா தங்க ஏற்றுமதிக்குத் தடை போட்டிருந்ததால் 35,000 தங்க சவரன்களை லண்டனில் வாங்கிக் கப்பலில் ஜித்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஹஜ் பயணிகளுக்காக டச்சுக்காரர்கள் அங்கே நடத்திவந்த வங்கியில், மேசை மேல் கொட்டி, ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தார்கள். அதே ட்விட்செல் முன்னின்று கொண்டுவந்த கம்பெனி மஹ்த் அத்-தஹபைத் திரும்பத் திறந்து 1939 முதல் 1954 வரை 7 லட்சத்து 60 ஆயிரம் அவுன்சுக்கு மேல் தங்கம் எடுத்தது. தொட்டில் என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை.

கடைசியாக ஒரு மனிதரைப் பற்றி. காமிஸ் பின் ரிம்தான். அஜ்மான் குலத்தைச் சேர்ந்த பதூவி, அதாவது பாலைவன நாடோடி. சோகாலின் நிலவியலாளர்கள் கிழக்கு அரேபியாவில் வரைபடமே இல்லாத நிலத்தில் அலைந்தபோது 1934 முதல் அவர்களுக்கு வழிகாட்டியவர். எந்தக் கிணறு எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தது. இராத்திரியில் விண்மீன், பகலில் மணல்மேட்டின் சாய்வு, புதரின் வகை, இவற்றை வைத்தே வழி சொல்வார். தலைமை நிலவியலாளர் மாக்ஸ் ஸ்டைனெக் பாறை படிப்பதில் கெட்டிக்காரர், காமிஸ் நிலம் படிப்பதில். இருவரும் ஆண்டுக்கணக்கில் ஒன்றாகப் பாலைவனத்தில் அலைந்தார்கள். 1938 மார்ச்சில் தம்மாமின் 7-ஆம் கிணறு பொங்கியது.

காமிஸ் 1959-ல் காலமானார். பிற்பாடு கண்டுபிடித்த ஓர் எண்ணெய் வயலுக்கு அவர் பெயரை வைத்தார்கள், ரிம்தான் என்று. தம்மாம், கோபார் பக்கம் வேலை செய்கிற தம்பிமார்கள் இதைப் படித்தால், கூட வேலை பார்க்கிற வயசான சவூதிக்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் வந்து சொல்லுங்கள்.