விற்றது டர்பைனை, ரயிலை அல்ல

‘ஆந்திராவின் ஸ்ரீசிட்டி தொழில் நகரில் மெட்ரோ பெட்டி செய்யும் அல்ஸ்டாமை 2015-லேயே ஜெனரல் எலக்ட்ரிக் வாங்கிவிட்டது, அது இப்போது அமெரிக்க நிறுவனம்’ என்று தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆண்டு சரி, விற்ற பொருள்தான் வேறு.

1928-இல் பிரான்சின் அல்சேஸ் பகுதி இயந்திர நிறுவனம் ஒன்றும் அமெரிக்க மின் நிறுவனமான தாம்சன்-ஹூஸ்டனின் பிரெஞ்சுக் கிளையும் சேர்ந்து பிறந்தது அல்ஸ்டாம். பெயரே அந்த இரண்டின் ஒட்டுதான். ரயில் என்ஜினும் மின்நிலைய டர்பைனும் பல பத்தாண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 2015 நவம்பரில் ஜெனரல் எலக்ட்ரிக்குக்குப் போனது மின் உற்பத்தி, மின் கடத்தல் பிரிவுகள் மட்டுமே. ரயில் தொழில் பிரெஞ்சு நிறுவனமான அல்ஸ்டாமிடமே தங்கியது. சொல்லப்போனால், ஜெனரல் எலக்ட்ரிக்கின் ரயில் சிக்னல் பிரிவு அப்போது அல்ஸ்டாமின் கைக்கு வந்தது!

ஜெர்மனியின் சீமென்ஸ் ரயில் பிரிவுடன் அல்ஸ்டாம் இணைய முயன்றதை 2019 பிப்ரவரியில் ஐரோப்பிய ஆணையம் தடுத்தது. 2021 ஜனவரியில் கனடாவின் பம்பார்டியரின் ரயில் பிரிவை அல்ஸ்டாமே வாங்கியது. விற்ற டர்பைன்களின் கதையும் சுவையானது: அணுமின் நிலையங்களுக்கான அரபெல் டர்பைன் தொழிலை 2024-இல் பிரான்சின் மின் நிறுவனமான இ.டி.எஃப். ஜெனரல் எலக்ட்ரிக்கிடமிருந்து வாங்கிக்கொண்டது.

ஸ்ரீசிட்டிக்குப் பக்கத்துத் தடாவில் இருக்கும் எங்களுக்கு நெடுஞ்சாலையில் டிரெய்லரில் போகும் மெட்ரோ பெட்டி பழகிய காட்சி. சென்னைக்கும் கொச்சிக்கும் ஸ்ரீசிட்டியிலிருந்துதான் பெட்டிகள் போயின. சென்னையின் முதல் சில ரயில்கள் மட்டும் பிரேசிலிலிருந்து கப்பலில் வந்தவை.