கண்ணம்மா யார் என்று கேட்பவர்களுக்கு

பாரதியின் பிறந்த நாளும் நினைவு நாளும் வரும்போதெல்லாம் முகநூலில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: கண்ணம்மா யார்? அவளுக்கு ஓர் ஊரையும் முகத்தையும் கற்பித்து, கைகூடாத காதல் ஒன்றையும் சேர்த்துப் பகிரப்படும் பதிவுகளைப் படிக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது. தம் நெஞ்சைத் தொட்ட பெண்களைப் பற்றி இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்த ஒரு கவிஞரை முழுதாகப் படிக்காமல், அவர் எதையோ ஒளித்துவிட்டார் என்று துப்பறியப் புறப்படுவது நியாயமாக எனக்குப் படவில்லை.

முதலில் பாடல்களையே பார்ப்போம். 1917-இல் பரலி சு. நெல்லையப்பர் சென்னையில் பதிப்பித்த ‘கண்ணன் பாட்டு’ என்னும் சிறு நூலில் 23 பாடல்கள் உள்ளன. கண்ணனைத் தோழனாக, தாயாக, தந்தையாக, சேவகனாக, அரசனாக, சீடனாக, குருவாகப் பாடிய பாரதி, அதே வரிசையில்தான் கண்ணம்மாவையும் வைத்தார். ‘சின்னஞ் சிறு கிளியே’ பாடலில் அவள் குழந்தை. ‘சுட்டும் விழிச்சுடர்’ பாடலில் காதலி. ‘நின்னைச் சரணடைந்தேன்’ பாடலில் குலதெய்வம். இந்த மூன்றாவது பாடலைக் காதல் பாட்டென்று நினைத்துத் திருமண வாழ்த்தில் சேர்ப்பவர்கள்கூட இருக்கிறார்கள். பொன்னையும் உயர்வையும் புகழையும் விரும்பும் தன்னைக் கவலைகள் தின்னலாகாது என்று ஒருவன் தெய்வத்தின் காலடியில் விழும் பாட்டு அது. ஆழ்வார்கள் தாம் பெண்ணாகிக் கண்ணனைக் காதலித்தார்கள். பாரதி அந்த மரபிலும் நின்று பாடினார்; அத்துடன் கண்ணனையே பெண்ணாக்கித் தாம் ஆணாகவே நின்று காதலிக்கவும் துணிந்தார். தமிழ்க் கவிதையில் இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதைப் பேசாமல், அந்தப் பெண்ணின் முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பாரதியின் இளமைக் காதலை அறிய விரும்புவோருக்கு அவரே ஒரு நூல் தந்திருக்கிறார். புதுச்சேரியில் இருந்தபோது 1910-இல் வெளியிட்ட ‘கனவு’ என்னும் அந்தத் தன்வரலாற்றுக் கவிதையை இன்று ‘சுயசரிதை’ என்ற தலைப்பில் காண்கிறோம். அதில் ‘பிள்ளைக் காதல்’ பகுதியில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி வருகிறாள். கதையில் கேட்ட சகுந்தலையைப் போல் அவள் தம் கண்ணுக்குத் தோன்றினாள் என்கிறார். 1908-இல் பிறந்த தம் இரண்டாவது மகளுக்குச் சகுந்தலா என்று பெயரிட்டவர் அவர். இந்த ஒற்றுமையைக் கண்டபோது நானும் ஒரு கணம் தடுமாறினேன். ஆயினும் காளிதாசனைப் போற்றிய ஒருவர் மகளுக்கு அந்தப் பெயரை வைக்கப் பழைய காதல்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கதைகள் இப்படித்தான் பிறக்கின்றன.

அந்த நூலில் என்னை மிகவும் உலுக்கிய இடம் வேறு.

‘ஆங்கோர் கன்னியைப் பத்துப் பிராயத்தில்
ஆழ நெஞ்சிடை ஊன்றி வணங்கினன்;
ஈங்கோர் கன்னியைப் பன்னிரண் டாண்டனுள்
எந்தை வந்து மணம்புரி வித்தனன்’

என்று சொல்லிவிட்டு, இதில் தீங்கு உண்டென்று அறிந்தும் தந்தையின் செயலை எதிர்க்கும் திறன் தமக்கு இல்லாமற்போயிற்று என்று ஒப்புக்கொள்கிறார். கடையத்துச் செல்லம்மாளை அவர் மணந்தது 1897-இல். அவருக்கு 14 வயது, அந்தக் குழந்தைக்கு 7 வயது. கவிதை சொல்லும் வயதும் ஆண்டுக் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கவிதையை நாட்குறிப்பாக எடுத்துக்கொண்டால் இங்கேயே இடறுவோம். பிள்ளைக் காதலையும் ஆங்கிலக் கல்வியின் வெறுமையையும் தந்தையின் வறுமையையும் பாடிய இந்த நூலை ஆங்கிலேய அரசு 1911-இல் தடைசெய்தது என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

இன்னொரு பெண்ணின் பெயரைப் பாரதி தம் நூல்களின் முகப்பிலேயே வைத்தார். 1908-இல் வந்த ‘ஸ்வதேச கீதங்க’ளை அவர் நிவேதிதா தேவிக்குச் சமர்ப்பணம் செய்தார். கண்ணன் அருச்சுனனுக்கு விசுவரூபம் காட்டியதுபோல், பாரத தேவியின் முழு உருவத்தையும் தமக்குக் காட்டிய குரு என்று அதில் எழுதுகிறார். அடுத்த ஆண்டில் வெளிவந்த ‘ஜன்ம பூமி’யும் அவருக்கே. அயர்லாந்தில் பிறந்த ஒரு துறவியை, ஒரே சந்திப்பின் நினைவில், ஒரு தமிழ்க் கவிஞர் குருவாக ஏற்றார். ‘யார் அந்தப் பெண்?’ என்று கேட்பவர்கள் முதலில் நின்று பார்க்க வேண்டிய இடம் அந்தச் சமர்ப்பணப் பக்கம் என்பது என் கருத்து.

செல்லம்மாளைப் பற்றிப் பேசும்போது மட்டும், கடன் வாங்கிய அரிசியைக் கணவர் குருவிகளுக்கு இறைத்துவிடக் கலங்கி நின்ற மனைவி என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். காசியின் அனுமந்த கட்டத்திலிருந்து அவருக்கு எழுதிய கடிதத்தில் பாரதி ‘எனதருமைக் காதலி’ என்றே விளிக்கிறார். கவலைப்படும் நேரத்தில் தமிழை நன்றாகப் படித்துவந்தால் மிகவும் மகிழ்வேன் என்றும் எழுதுகிறார். அந்தத் தமிழ் வீண்போகவில்லை. 1921 செப்டம்பரில் கணவரை இழந்த செல்லம்மாள், மறு ஆண்டிலேயே ‘பாரதி ஆச்ரமம்’ என்ற பெயரில் அவருடைய பாடல்களை நூலாக வெளிக்கொணரத் தொடங்கினார். வருமானம் இல்லாத ஒரு கைம்பெண், அக்காலச் சமூகத்தின் கட்டுப்பாடுகளுக்கு நடுவே, பதிப்பாளராக நின்றார் என்பதை எண்ணிப் பாருங்கள். 1941-இல் அவர் சொல்ல மகள் தங்கம்மாள் எழுதிய பாரதி சரித்திரம் வெளிவந்தது. 1951-இல் திருச்சி வானொலியில் ‘என் கணவர்’ என்ற தலைப்பில் அவரே பேசினார். 1949-இல் அரசுடைமையாக்கப்பட்ட பாரதியின் எழுத்துகள் 1955-இல் மக்களின் பொதுச் சொத்தாயின. செல்லம்மாள் மறைந்ததும் அதே ஆண்டில்தான்.