கதவைத் தட்டியவர் போய்விட்டார்

போன மாதம் ஹாஸ்டலில் நாங்கள் நான்கு பேர் ஒரே கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்து, போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து ஒரு படம் பார்த்தோம். ஹீரோ அவளை பஸ் ஸ்டாப்பில் பார்க்கிறான். காலேஜ் வாசலில் நிற்கிறான். வீட்டுத் தெருவுக்கே வந்துவிடுகிறான். அவள் மூன்று தடவை வேண்டாம் என்கிறாள். நான்காம் தடவை மழை, பாட்டு, அவள் சிரித்துவிடுகிறாள். எங்கள் மூன்று பேருக்கும் கண் கலங்கிவிட்டது. நான்காமவள் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டாள்.

போன செமஸ்டர் முழுக்க அவளை ஒரு பையன் இப்படித்தான் பின்தொடர்ந்தான். பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவள் ஏறுகிற பஸ்ஸில்தான் ஏறுவான். அவள் நேரத்தை மாற்றினாள், அப்புறம் பஸ்ஸையே மாற்றினாள். அவனும் மாற்றினான். அந்த நாட்களில் எங்களோடு பேசும்போதெல்லாம் துப்பட்டா முனையை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பாள். ஓரம் நூல் நூலாகப் பிரிந்து கிடந்தது. அதைத் தினமும் பார்த்தவள் நான். அதே நான்தான் அந்தப் படத்துக்கு அழுதேன். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்குக் காதலைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று யோசித்தேன். சினிமாதான். பத்து வயதிலிருந்து, பாட்டுப் பாட்டாக. 2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது நான் ஆறாம் வகுப்பு. படங்களில் ஹீரோ பெண்ணைத் துரத்துவதைப் பற்றி அப்போது டிவியில் நிறையப் பேசினார்கள். பிறகு மறந்துவிட்டோம். ஒரு பெண் வேண்டாம் என்ற பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது 2013 முதல் சட்டப்படி குற்றம். இப்போதுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78ஆம் பிரிவு. திரையில் அதற்குப் பெயர் காதல்.

சரி, எங்கள் கிறிஸ்தவ சபை என்ன சொல்லிக்கொடுத்தது? வாலிபர் கூடுகைக்கு நான் ஒன்பதாம் வகுப்பிலிருந்து போகிறேன். சினிமா உலகப்பிரகாரமானது, பாட்டு இடறல், படிப்பு முடிகிறவரை எந்தப் பையனையும் ஏறெடுத்துப் பார்க்காதே. அதோடு முடிந்தது. மீறிக் கேட்டால், அவிசுவாசிகளோடு பிணைக்கப்படாதே என்கிற ‘அந்நிய நுகம்’ வசனத்தை எடுத்துவிடுவார்கள். (அதே வீடுகளில் வரன் பார்க்கும்போது ‘கிறிஸ்தவ’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சாதிப்பெயரும் வந்துவிடுகிறது. அதை உலகப்பிரகாரம் என்று யாரும் கண்டித்து நான் கேட்டதில்லை. எனக்கு அது ஆறாத வருத்தம்.) என் தோழி துணிந்து ஒரு பொறுப்பாளர் அக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அக்கா கேட்ட முதல் கேள்வி: “நீ அவன்கிட்ட சிரிச்சுப் பேசினியா?” அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

காதலைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிற மார்க்கமா நம்முடையது? தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை வாராவாரம் பாடுகிறோம். அவர் காலத்தில் குறவஞ்சி என்றால் ஜனங்கள் கூடிப் பார்க்கிற ஆட்டமும் பாட்டும். தலைவனை உலாவில் கண்டு மயங்கும் தலைவி, கைபார்த்துக் குறி சொல்லும் குறத்தி என்று முழுக்க முழுக்கக் காதல் கதை. எங்கள் பக்கத்துக் குற்றாலக் குறவஞ்சியும் அதுதான். அவர் அதை ஒதுக்கித் தள்ளவில்லை. அந்த வடிவத்தையே எடுத்து பெத்லகேம் குறவஞ்சி பாடினார். தன் காலத்து ஜனங்கள் எதை ரசித்தார்களோ அதற்குள்ளேயே இறங்கி நின்று விசுவாசத்தைப் பேசினார். நம்மிடம் ‘படம் பார்க்காதே’ என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

வேதத்திலேயே உன்னதப்பாட்டு இருக்கிறது. எட்டே அதிகாரம். அதில் வரும் இருவரும் கிறிஸ்துவும் சபையும் என்று போதகர்கள் விளக்குவதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விளக்கம் நிற்பது ஒரு ஆணும் பெண்ணும் நேசிக்கிற பாட்டின் மேல்தானே. அதில் முதலில் வாய் திறப்பவள் பெண். தன் ஆசையைத் தானே சொல்கிறாள். இத்தனை வருடக் கூடுகைகளில் அந்தப் புத்தகத்தை ஒருமுறைகூட நாங்கள் திறந்ததில்லை. வாலிபரை வழிநடத்துகிற அண்ணன்மாரும் அக்காமாரும் இதைப் படித்தால், தயவுசெய்து திறங்கள். படத்தையும் எங்களோடு உட்கார்ந்து பாருங்கள். எந்த இடத்தில் அழுதோம், ஏன் அழுதோம் என்று கேளுங்கள். பதில் சொல்ல நாங்கள் தயாராக இருக்கிறோம்.

இப்போது வியாழக்கிழமை இரவு ஜெபத்துக்குப் பிறகு நாங்கள் நான்கு பேரும் ஆளுக்குக் கொஞ்சமாக உன்னதப்பாட்டை வாசிக்கிறோம். போன வாரம் ஐந்தாம் அதிகாரம். இரவில் அவளுடைய நேசர் வந்து கதவைத் தட்டுகிறார், “கதவைத் திற” என்று கேட்கிறார். வஸ்திரத்தைக் கழற்றிவிட்டேனே, மறுபடி எப்படி உடுப்பேன் என்று அவள் தயங்குகிறாள். அவர் கதவை உடைக்கவில்லை. அவள் எழுந்து திறக்கும்போது போயே போய்விட்டார்.

அடுத்த வசனத்தை வாசித்தது என் தோழி. அவரைத் தேடி அந்தப் பெண் தெருவில் இறங்குகிறாள். நகரத்துக் காவலாளர் அவளைக் கண்டு, அடித்து, காயப்படுத்துகிறார்கள். தோழி அங்கே நிறுத்திவிட்டாள். “காவலாளரா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மறுபடியும் முதலிலிருந்து, மெதுவாக வாசித்தாள்.