வைஃபை பெயரை மறைப்பது பாதுகாப்பு ஆகாது

வைஃபையின் பெயரை மறைத்துவிட்டால் அயலார் யாரும் நுழைய முடியாது என்ற கருத்து இங்கே பரவுகிறது. பணிவுடன் ஒரு திருத்தம். மறைத்தாலும் ரூட்டர் தன் இருப்பை அறிவித்துக்கொண்டேதான் இருக்கிறது. அறிவிப்பில் பெயர் மட்டும் காலியாக இருக்கும். கைப்பேசி அதனுடன் இணையும்போதோ பெயர் மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றுவது) இன்றியே காற்றில் போகிறது. எனக்குக் கூடுதல் கவலை தருவது வேறு: மறைத்த வலையமைப்பைத் தேடும் கைப்பேசி, வெளியிடங்களிலும் அதன் பெயரைச் சொல்லி அழைக்கக்கூடும்.

நீங்களே சோதிக்கலாம். உங்கள் சொந்த ரூட்டரின் பெயரை மறைத்துவிட்டு வைஃபை அனலைசர் செயலியைத் திறந்தால், பெயரில்லாத வரியாக அது தெரியும். மானிட்டர் முறையை (அருகில் காற்றில் போகும் வைஃபை தகவல்களைக் கேட்கும் முறை) ஏற்கும் வைஃபை அட்டை இருந்தால், அத்தகவல்களைப் படித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ஓடவிட்டுக் கைப்பேசியை மீண்டும் இணையுங்கள். இணைப்புக் கோரிக்கையில் பெயர் அப்படியே இருக்கும். அயலாரைத் தடுப்பது டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்பு முறையின் மறையாக்கமும் நீளமான கடவுச்சொல்லும்தான்.