அப்பாவின் ராத்திரிச் சாப்பாடு

"எனக்கு ராத்திரிக்கு ரெண்டு இட்லி போதும்மா." எழுபதை நெருங்கும் அப்பா உள்ள வீடுகளில் தினமும் கேட்கிற பேச்சு இது. வயசானால் குறைவாகச் சாப்பிடுவதுதான் நல்லது என்று நாமும் விட்டுவிடுகிறோம். தொடைச் சதை கரைந்து, கைப்பிடியை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போவதில் இந்த ரெண்டு இட்லிக்குப் பெரிய பங்கு உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் 3 இட்லி, சாம்பார்: சுமார் 9 கிராம் புரதம். மதியம் சோறு, சாம்பார், பொரியல், மோர்: 14. நாலு மணி டீயும் பிஸ்கட்டும்: 4. ராத்திரி ரெண்டு இட்லி, சட்னி: 5. மொத்தம் 32. அறுபது கிலோ எடையுள்ள முதியவருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வீதம் 60 முதல் 72 கிராம் வேண்டும். பாதிதான் போகிறது. வயிறு நிறைந்திருப்பதால் யாருக்கும் இது தெரிவதில்லை.

சாம்பார் இருக்கிறதே என்பார்கள். ஒரு கரண்டி சாம்பாரில் தண்ணீரும் புளியும்தான் அதிகம். பருப்பை ஆளுக்கு 40 கிராம் பச்சை எடையில் அளந்து, கெட்டியாகக் கூட்டாகவோ பருப்புக் கடைசலாகவோ செய்தால்தான் 9 கிராம் கிடைக்கும்.

இன்னொன்று, வயதான தசைக்குப் புரதம் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் உறைக்காது. ஒரு வேளைக்கு 25 கிராம் அளவில் போனால்தான் தசை கட்டும் வேலை சரியாக நடக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை கறி விருந்து மற்ற ஆறு நாளை ஈடுகட்டாது. காலை இட்லியோடு 2 முட்டை, ஒரு டம்ளர் பால் சேர்த்தால் 27 வந்துவிடும். மதியம் 100 கிராம் மீன் என்றால் அதிலேயே 20. சைவம் என்றால் கெட்டிப் பருப்போடு ஒரு கிண்ணம் தயிர். பிஸ்கட்டை நிறுத்திவிட்டு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் வேர்க்கடலை: 7 கிராம். ராத்திரிக்கு இட்லிக்குப் பதில் அடை. ஒரு பங்கு அரிசிக்கு இரண்டு பங்கு துவரை, கடலை, உளுந்து. கூடவே 50 கிராம் பன்னீர் அல்லது ஒரு முட்டை.

பெரும்பாலான வீடுகளில் முதல் வாரத்திலேயே இது நின்றுபோகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் வயிறு உப்பும், "எனக்கு ஒத்துக்கல" என்று அவர் தட்டைத் தள்ளிவிடுவார். வாரத்துக்கு ஒரு வேளையை மட்டும் மாற்றுங்கள். கொண்டைக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, விரலால் நசுக்கினால் மாவாகும்வரை வேகவிடுங்கள். பல்செட் வைத்திருப்பவர் சுண்டலை ஒதுக்குவது பிடிக்காததால் அல்ல, ஈறு வலிக்கிறது. அதை அவர் சொல்ல மாட்டார். தேங்காய், பெருங்காயம் போட்டு மசித்துக் கொடுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. மருத்துவர் சொல்கிற அளவுதான்.

சாப்பாடு மட்டும் தனியாகச் சதையைக் கட்டாது, காலுக்கு வேலை கொடுக்க வேண்டும். ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கவைத்துப் பார்த்த, 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ சதை குறைந்திருந்தது. காய்ச்சல், ஆபரேஷன் என்று படுத்து எழுந்தவருக்கு வெறும் கஞ்சி கொடுக்கும் நம் வழக்கத்தை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. கஞ்சியே கொடுங்கள், ஆனால் பாசிப்பருப்பைச் சரிபாதி போட்டு, பால் சேர்த்துக் கொடுங்கள். நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் தொடைக்கு அது போதாது. நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது 10 தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி 10. வாரத்தில் மூன்று நாள்.

இன்றே பார்க்க ஒரு சோதனை உண்டு. சுவரை ஒட்டிப் போட்ட கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். தையல் டேப்பால் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளந்து பாருங்கள், ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சதை குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டையும் காலண்டரில் எழுதிவைத்து மூன்று மாதம் கழித்து மறுபடி எடுங்கள். காலில் நீர் கோத்து வீங்கியிருந்தால் டேப் அளவை நம்ப வேண்டாம், நொடிக் கணக்கை மட்டும் பாருங்கள்.